அட்டைக்கு அடியில் இருந்தவர்கள்

அவளை ஸ்டூடியோவில் எல்லாரும் ‘நெகட்டிவ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் வைத்தவர் முதலாளி. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று, பிலிமை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பி அவளைப் பார்த்தார். “இதுக்குள்ள உன்னைப் போட்டா இந்த ஊர்லயே நீதாம்மா வெள்ளை” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் பாதி. பேச்சு உண்மையிலேயே நன்றாக இருந்தது பாதி.

முதலாளி கெட்டவர் இல்லை. அவளுக்குப் பெண் பிறந்தபோது கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கே வந்து படம் எடுத்துக் கொடுத்தார். அந்தப் படத்தில் குழந்தையைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளுக்க வைத்திருந்தார். “இது என் அன்பளிப்பு” என்று சொல்லிக் கொடுத்தார். கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம். அன்பளிப்போடு வந்து நிற்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

முதலில் அவளுக்குக் கிடைத்தது அட்டை வெட்டும் வேலை. படத்தைச் சட்டத்துக்குள் வைக்கும்போது அதைச் சுற்றி ஒரு கெட்டி அட்டை வருமே, நடுவில் சன்னல் மாதிரி வெட்டியிருக்குமே, அதுதான். அளவுக்கு முதலாளியின் அப்பா காலத்துத் தகரத் தகடு ஒன்று இருந்தது. தகட்டை அட்டையின் மேல் வைத்து, கத்தியை ஓரமாக ஓட்டினால் சன்னல் விழுந்துவிடும். பிறகு கேமராவைத் துடைக்கத் தொடங்கினாள். துடைத்தவள் தூக்கினாள். தூக்கியவள் எடுத்தாள். கல்யாண வீடுகளில் சமையல்கட்டுப் பக்கமும் பெண்கள் பக்கமும் போய் எடுக்க அவளை விட்டால் கடையில் ஆளில்லை என்று ஆனது. ஆனாலும் வெளியே போய் நின்றால், “போட்டோக்காரர் எங்கம்மா?” என்று அவளிடமே கேட்பார்கள். கேமரா அவள் கழுத்தில்தான் தொங்கும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. “எந்த ஊர்லேர்ந்து வந்தீங்க?” அவளுடைய பாட்டனாரே இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தார். பாட்டனாரின் அப்பா இந்த நாட்டுக்குக் கப்பலில் வந்து சாலை போட்டவர். அவர் போட்ட சாலையில்தான் கேட்கிறவர்கள் நடந்து வந்திருப்பார்கள். “அடுத்த தெருவுலேர்ந்து” என்பாள். “இல்ல, அதுக்கு முன்னாடி?” என்பார்கள். “அதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்ட்ல நின்னேன்” என்பாள் அவள். வாயைத் திறந்தால் இப்படித்தான். அதனாலேயே அதிகம் திறக்கமாட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பையை எறிந்துவிட்டுச் சொன்னாள்.

“அடுத்த வாரம் குரூப் போட்டோ. நான் லீவு போடப்போறேன்மா.”

“ஏன்டி?”

மகள் உள்ளே போய்ப் போன வருஷத்துப் படத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தாள். அவளுடைய முதலாளி எடுத்தது. அவள் வெட்டிய அட்டை. நடுவில் பிள்ளைகள் ரோஜாப்பூ மாதிரி சிரித்தார்கள். ஓரத்துக்குப் போகப் போக முகங்கள் மங்கின. கடைசியில் சீருடைக்கு மேல் ஒரு இருட்டு, இருட்டுக்குள் பல். அதிலும் பாதி அட்டைக்கு அடியில் போயிருந்தது.

“பெரியம்மா வந்தப்ப கேட்டாங்கல்ல, இதுல நீ எங்கேன்னு? இந்த இருட்டுதான் நான்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நீகூடச் சிரிச்சே.”

அவள் சிரித்தது உண்மைதான். சிரித்துப் பழகிவிட்டது. கணவன் டயர் கடையில் வேலை பார்க்கிறவன். கை கழுவிக்கொண்டே அவன் சொன்னான்: “போகட்டும் கண்ணு. டயர் கறுப்புதான். அது இல்லாம எந்த வெள்ளைக் காராவது ஓடுமா, சொல்லு?”

“காரைத்தான்பா போட்டோ எடுக்கறாங்க. டயரை இல்ல” என்றாள் மகள்.

அவன் குழாயை மூடினான். ஈரக் கையோடு மனைவியைப் பார்த்தான். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதே பள்ளிக்கூடத்தில்தான் அவளும் படித்தாள். அவளுடைய வகுப்புப் படம் அங்கே நடைபாதைச் சுவரில் இன்னும் தொங்குகிறது. அதில் அவளுக்கு ஒரு காதும் ஒரு சடையும்தான் உண்டு. மீதி அட்டைக்குள். மகளாவது முழுசாக விழ வேண்டும் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தாள். நினைத்ததும், இத்தனை நாள் ஏன் நினைக்கவில்லை என்று தன்மேலேயே கோபம் வந்தது.

“லீவு போடாதே. போய் நில்லு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்” என்றாள்.

எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று அவளுக்கே தெரியாது. அதிர்ஷ்டம் முதலாளியின் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. விளக்குக் கம்பத்தைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்பு, பள்ளிக்கூடத்து நாள் வந்தும் விடவில்லை. பெஞ்சில் குப்புறப் படுத்தபடியே உத்தரவு போட்டார்.

“நீயே போயிட்டு வந்துடும்மா நெகட்டிவ். வெள்ளைச் சுவர் பக்கம் நிறுத்து. பளிச்சுன்னு இருக்கற பசங்க நடுவுல. டல்லா இருக்கறவங்க ரெண்டு ஓரமும். நடு முகத்துக்கு வெளிச்சத்தை வை. அவ்வளவுதான், கண்ணை மூடிட்டு எடுக்கலாம்.”

“உயரத்தைப் பாத்து நிறுத்தினா என்ன சார்?”

“ஓஹோ. உன் பொண்ணு அங்கதானே படிக்கறா? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு!”

“பொன்னா இருக்க வேணாம் சார். குஞ்சாத் தெரிஞ்சாப் போதும்.”

சொன்னதும் அவளே பயந்துபோனாள். ஆனால் முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் இடுப்பு சுளீரென்றது. “ஐயோ, போம்மா, போ. பழைய மாதிரியே எடுத்துட்டு வா” என்று முனகினார்.

பள்ளிக்கூட வாசலில், அங்கே பிள்ளைகளை ஏற்றிவரும் வேன் ஓட்டுநர் ஓடிவந்து பெட்டிகளை இறக்கினார். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். நிறத்திலும் அவளுக்குக் கூட்டாளி. “என்னம்மா கேமரா, இன்னிக்குத் தனியாவா? உன் முதலாளிக்கு ரிவர்ஸ் கியர் விழுந்துடுச்சாமே?” என்றார். நடைபாதையில் பெட்டியை வைத்தபோது சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டார். “நீயாவது காது வரைக்கும் இருக்கே. நான் அன்னிக்கு லீவு. வீட்ல எல்லாரும் தேடினாங்க, ஆளைக் காணோம். லீவு போட்ட ஞாபகமும் இல்ல. ஆனா போட்டோ பொய் சொல்லுமா?”

மைதானத்தில் மகளின் வகுப்பு காத்திருந்தது. துணைத் தலைமையாசிரியை குடை பிடித்தபடி நின்றார். ஊரே மதிக்கிற பெண்மணி. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் முதலில் சட்டம் போட்டவர் அவர்தான். அவள் பிள்ளைகளை உயர வரிசையில் நிறுத்தத் தொடங்கியதும் அவர் நெற்றியைச் சுருக்கினார்.

“எப்பவும் இப்படி நிறுத்தமாட்டாங்களே. அந்தப் பல் டாக்டர் பையனை நடுவுல விடுங்கம்மா, அவனுக்கு முகம் நல்லா விழும்.”

“உயரம் பாத்து நிறுத்தறேன் மேடம். பின்னாடி நிக்கறவங்க மறையாம இருப்பாங்க.”

“நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் காலத்துல யாரும்மா நிறம் பாக்கறாங்க? இது நிறப் பிரச்சினை இல்ல. வெளிச்சப் பிரச்சினை.”

“சரிங்க மேடம். நானும் வெளிச்சத்தைத்தான் சரி பண்றேன்” என்று சொல்லிவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவளுக்கு அந்த இடம் பிடிக்கும். அங்கே நின்றால் உலகத்தைப் பார்க்கலாம், உலகம் பார்க்காது.

இங்கேதான் அவள் சறுக்கினாள். இத்தனை வருஷ ஆத்திரம் விரல் நுனிக்கு வந்துவிட்டது. மகளின் முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டினாள். போதாதென்று இன்னும் கூட்டினாள். பிளாஷையும் மகள் பக்கமே திருப்பினாள். எடுத்ததும், உச்சி வெயிலில் கேமராவின் சின்னத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகளுக்குப் பக்கத்தில் நின்ற தோழியைப் பார்த்தாள். புருவம், கன்னத்துக் குழி, காதில் கம்மல் எல்லாம் இருந்தன. கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண் மற்றவர்களைப் பார்க்கவில்லை.

“பெற்றோருக்கு உடனே அனுப்பணும், கொடுங்க” என்று துணைத் தலைமையாசிரியை அவசரப்படுத்தினார். படம் கேமராவிலிருந்து போனுக்கும், போனிலிருந்து பெற்றோர் குழுவுக்கும் ஒரே மூச்சில் போய்விட்டது.

அவள் கடைக்குத் திரும்புவதற்குள் முதலாளியின் போன் அலறிக்கொண்டிருந்தது. அவர் படுத்தபடியே கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். பெரிய திரையில் படம் விரிந்தது. மகளும் தோழியும் சிலை மாதிரி அழகாக நின்றார்கள். மற்ற பாதி வகுப்பைக் காணவில்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் யாரோ கண்ணும் வாயும் கிறுக்கினாற்போல இருந்தது. பல் டாக்டரின் பையனுக்கு மூக்கே இல்லை.

“வெளுத்ததெல்லாம் பால்னு நினைச்சியாம்மா? பொங்கி வழிஞ்சிடுச்சு பாரு” என்றார் முதலாளி. குரலில் சிரிப்பு இல்லை. “நாளைக்குக் காலையில வரச் சொல்லியிருக்காங்க. எங்கப்பா காலத்துலேர்ந்து அந்தப் பள்ளிக்கூடம் நம்ம கையில இருக்கு. அது போச்சுன்னா உன்னை நான் வச்சுக்க முடியாது. சொல்லிட்டேன்.”

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அம்மா, எங்க வகுப்புல ஒருத்தன் அழுதுட்டான். என் மூஞ்சி எங்கேன்னு கேட்டான்” என்றாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, “பாவமா இருந்துச்சு. ஆனா போன வருஷம் என் மூஞ்சி தெரியாதப்ப யாரும் போன் பண்ணலையே?” என்றாள்.

அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுநாள் நடைபாதையில் சின்னக் கூட்டமே கூடியிருந்தது. துணைத் தலைமையாசிரியை, சில பெற்றோர்கள், எல்லாருக்கும் முன்னால் பல் டாக்டரம்மா. முதலாளி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

“என் பையன் ராத்திரி சாப்பிடவே இல்ல! வருஷத்துக்கு ஒரு படம், அதுல முகமே இல்லன்னா எப்படி? ஒரு குழந்தைக்கு எவ்வளவு அவமானம்!” என்றார் டாக்டரம்மா.

“தப்புதாங்க. என் தப்பு. மறுபடி எடுத்துத் தர்றேன்” என்றாள் அவள்.

“இன்னிக்கே எடுக்கணும். பழைய மாதிரி எடுக்கணும்” என்றார் துணைத் தலைமையாசிரியை. “முதலாளியே எடுக்கட்டும்.”

தலையாட்டிவிட்டுப் போயிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அவளுடைய தலை பாதி ஆடியும்விட்டது. அப்போது டாக்டரம்மாவின் தோளுக்கு மேலே, சுவரில், தன்னுடைய ஒற்றைக் காதைப் பார்த்தாள்.

“ஒண்ணு கேக்கலாங்களா? ஒரு பிள்ளை முகம் ஒருநாள் காணாமப் போனதுக்கு இத்தனை பேர் வந்திருக்கீங்க. வரவேண்டியதுதான். அந்தப் பையன் அழுதான்னு கேட்டு எனக்கும் தூக்கம் வரல. ஆனா இந்தச் சுவர்ல இருக்கற படத்தையெல்லாம் கொஞ்சம் பாருங்க. ஓரத்துல நிக்கறது யாரு? சொல்லுங்க பாப்போம்.”

எல்லாரும் திரும்பினார்கள். வரிசை வரிசையாகச் சட்டங்கள். எல்லாவற்றிலும் நடுவில் ரோஜாப்பூக்கள், ஓரத்தில் இருட்டு.

“வெளிச்சம்தான்...” என்று துணைத் தலைமையாசிரியை ஆரம்பித்தார்.

“வெளிச்சம்தான் மேடம். அது எப்பவும் ஒரே ஆளுங்க மேலதான் விழுந்துட்டிருக்கு.”

சொல்லிக்கொண்டே தன் வகுப்புப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினாள். பெஞ்சில் கவிழ்த்து வைத்து, பின்னால் இருந்த சிறு ஆணிகளைப் பையிலிருந்த குறடால் பிடுங்கினாள். வருஷக்கணக்கில் செய்த வேலை. கை தானாக ஓடியது. “ஏம்மா, ஏம்மா!” என்று முதலாளி பதறினார். கண்ணாடியை எடுத்தாள். அட்டையை எடுத்தாள்.

அட்டை மூடியிருந்த இடத்தில் காகிதம் புதுசு மாதிரி இருந்தது. இடது ஓரத்தில் காதுக்கும் சடைக்கும் சொந்தக்காரி முழுசாக நின்றாள். முன்பல் விழுந்த வாயைத் திறந்து, ஏதோ நகைச்சுவைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். தான் முறைத்துக்கொண்டு நின்றிருப்போம் என்றுதான் இத்தனை காலம் அவள் நினைத்திருந்தாள். வலது ஓரத்தில், அட்டைக்கு அடியில் முழுக்க முழுக்க மறைந்து, கால்சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு, விறைப்பாக ஒரு பையன்.

பெட்டியைத் தூக்கிவந்த வேன் ஓட்டுநர் எட்டிப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார்.

“அட, இது நான்! இது எங்கண்ணன் கால்சட்டை, இடுப்புல நிக்காது!” அவர் குரல் நடைபாதை முழுக்கக் கேட்டது. “நான் அன்னிக்கு லீவு இல்ல! வந்திருக்கேன்! மேடம், பாருங்க, நான் வந்திருக்கேன்!”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது மாதிரி ஒரு முழுப் பையனை அட்டையில் மறைத்திருந்தார்கள். மறைத்தவர் யார் என்று கேட்டால் யாருமில்லை. தகடு சின்ன வகுப்புக்காகச் செய்தது. வகுப்பு வளர்ந்தது, தகடு வளரவில்லை. ஓரத்தை அது தின்றது. ஓரத்தில் யார் நிற்க வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் எப்போதும் தெரிந்திருந்தது. அதே தகட்டால் எத்தனை அட்டைகளை அவளே வெட்டியிருக்கிறாள்!

டாக்டரம்மா குனிந்து அந்தச் சிரிக்கிற சிறுமியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இது நீங்களா?” என்றார். “அதே சிரிப்பு.” குரல் இறங்கியிருந்தது. “மேடம், இவங்களே எடுக்கட்டும். ஆனா என் பையனுக்கு மூக்கு வேணும்மா, சொல்லிட்டேன்.”

“காதும் சேத்துத் தர்றேங்க” என்றாள் அவள். முதலில் சிரித்தவர் முதலாளி. சிரித்துவிட்டு “ஐயோ, இடுப்பு” என்றார்.

துணைத் தலைமையாசிரியை மட்டும் சிரிக்கவில்லை. சட்டம் சட்டமாக நடந்து, ஒவ்வொரு ஓரத்தின் அருகிலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டே நடைபாதையின் கோடி வரை போனார். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. “இதையெல்லாம் நான் தினமும் தாண்டிப் போறேன்” என்றார். அந்த அம்மாளிடமிருந்து அதுவே பெரிய பேச்சு.

இரண்டாம் முறை அவள் அவசரப்படவில்லை. வெள்ளைச் சுவரை விட்டு, கட்டடத்து நிழலில் செங்கல் சுவருக்கு முன்னால் பெஞ்சுகளைப் போட்டாள். வெளிச்சம் பரவலாக விழ, பிளாஷ்களுக்குக் குடை கட்டி இரண்டு பக்கமும் வைத்தாள். வெளுத்த முகம் ஒன்றையும் கறுத்த முகம் ஒன்றையும் பக்கத்தில் நிறுத்தி, இருவரும் தெரியும்வரை விளக்குகளை நகர்த்திக்கொண்டே இருந்தாள். முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒரு விளக்குக் கம்பத்தைத் தூக்கப் போய், வேன் ஓட்டுநரால் தடுக்கப்பட்டு, “இன்னும் கொஞ்சம் தள்ளும்மா” என்று மட்டும் சொன்னார்.

மகளை நடுவில் நிறுத்த இடமிருந்தது. உயரமும் பொருந்தியது. “இங்க வா” என்றாள்.

“வேணாம்மா. என் தோழி ஓரத்துல நிக்கறா. நான் அவகூடவே நிக்கறேன்.”

அவள் மகளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள். ஓரம் முழுசாக உள்ளே வந்தது.

அந்தத் தகரத் தகட்டை முதலாளியே வளைத்து இரும்புக் கடையில் போட்டார். நடைபாதைச் சட்டங்கள் அத்தனையையும் திருப்பிச் செய்யும் வேலை ஸ்டூடியோவுக்கே வந்தது. பின்னறைப் பெட்டிகளில் பழைய பிலிம்கள் பத்திரமாக இருந்தன. அவற்றில் எந்த முகமும் காணாமல் போயிருக்கவில்லை. காகிதத்தில் ஏற்றும்போதுதான் விட்டிருந்தார்கள். அவள் ஓரங்களுக்குப் பொறுமையாக வெளிச்சம் கொடுத்து ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்தாள். கடைக்கு வந்தவர்களிடம் முதலாளி, “எங்க போட்டோக்காரர் உள்ளே வேலையா இருக்காங்க, உக்காருங்க” என்று சொல்லத் தொடங்கியிருந்தார். நெகட்டிவ் என்ற பெயரை அவர் எப்போது விட்டார் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் விட்டிருந்தார்.

படங்களை மறுபடி மாட்டிய சாயங்காலம், செய்தி எப்படிப் பரவியதோ, நடைபாதை நிரம்பிவிட்டது. துணிக்கடைக்காரர், நர்ஸ், கொத்தனார், இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒரு தாய். எல்லாரும் நடுவைத் தாண்டி நேராக ஓரத்துக்குப் போனார்கள். “இதோ! இதோ நான்!” வேன் ஓட்டுநர் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “அன்னிக்கு நான் லீவு இல்லீங்க” என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தார்.

மகளின் வகுப்புப் படத்தை அவள் வீட்டுச் சுவரில் மாட்டினாள். கணவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்கு நெருங்கிப் பார்த்தான்.

“ஏம்மா, இவ்வளவு போராடி எடுத்தியே, உன் பொண்ணு கண்ணை மூடிட்டு நிக்கறா பாரு!”

அவள் பதறிப்போய் ஓடிவந்தாள். உண்மைதான். அழகாக, தெளிவாக, இமை மயிர் ஒவ்வொன்றும் தெரிய, மகள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். “ஐயோ, இன்னொரு தடவை எடுக்கலாமா?” என்றாள் அவள்.

“வேணாம்மா” என்றாள் மகள். படத்துக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றாள். “கண்ணை மூடியிருக்கறது நல்லாத் தெரியுதுல்ல? அது போதும்.”